பஸ்ல ஏற முடியலன்னு நிரூபிக்கவும் பஸ் ஏறணுமா?

தோழர்களே,

உடையார்பாளையம் ஸ்டாப்ல வந்து நிக்கிற அரியலூர் பஸ்ஸோட முதல் படியைக் கவனிச்சிருக்கீங்களா? நாமளே கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறுறோம். ஊன்றுகோலோட நிக்கிற ஒருத்தர் சான்றிதழ்ல 39 சதவீதம்னு இருந்தாலும், 40 சதவீதம்னு இருந்தாலும், அந்தப் படியோட உயரம் ஒண்ணுதான். ஆனா சலுகை ஒண்ணு இல்ல.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் இலவசப் பயணம். நல்ல திட்டம், மறுக்கல. ஆனா வாசல்லயே 40 சதவீதம்னு ஒரு கோடு. அதுக்குக் கீழ இருந்தா வெள்ளை நிற யுடிஐடி அட்டை கிடைக்கும், இலவசப் பயணம் கிடைக்காது.

இந்த சதவீதம் எதை அளக்குது? உடம்புல உள்ள குறைபாட்டை. பஸ்ல ஏற முடியுமா, ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியுமான்னு அது கேக்கறதே இல்ல.

2024 அக்டோபரில், பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் மருத்துவப் படிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு பார்க்க வேண்டும். படிப்புக்குப் பொருந்துற நியாயம் பயணத்துக்குப் பொருந்தாதா?

அமெரிக்காவில் 1990-ம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான பஸ்ஸைத் தானாகப் பயன்படுத்த முடியாதவருக்குத் தனி வண்டிச் சேவை உண்டு. விண்ணப்பம் முழுசா கொடுத்து 21 நாளில் முடிவு சொல்லலன்னா, முடிவு வரும்வரை அவரைத் தகுதியானவராவே நடத்தணும். இங்க? சான்றிதழுக்கு 2017 விதியில் ஒரு மாதம்னு இருந்த கெடுவை, 2024 திருத்தத்தில் மூன்று மாதமா ஆக்கிட்டாங்க.

விண்ணப்பத்தை போன்லயே போட்டுடலாம். ஆனா மருத்துவக் குழு முன்னாடி நேர்ல போய்த்தான் நிக்கணும். அதுக்குப் பெரும்பாலும் மாவட்டத் தலைநகர் வரைக்கும் போகணும். பஸ்ல ஏற முடியாதவர், அதே பஸ்ஸைப் பிடிச்சு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு, ரெண்டு பேரோட ஒருநாள் கூலியை இழந்து போகணும். இது நியாயமா?

நம்ம கோரிக்கை:

1. உடையார்பாளையத்திலேயே மாதம் ஒருமுறை மதிப்பீட்டு முகாம்.
2. பயணச் சலுகைக்கு சதவீதத்தோடு, பஸ்ஸைப் பயன்படுத்த முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.
3. கெடு தாண்டினால், முடிவு வரும்வரை தற்காலிகப் பயண அட்டை.
4. சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்து எங்க ஊருக்கும் வேண்டும்.

கோரிக்கை வைக்கிறதோட நம்ம வேலை முடியல. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெருவுல யுடிஐடி அட்டை இல்லாதவங்க யாருன்னு கேளுங்க. ஆதார், போட்டோ வாங்கி விண்ணப்பத்தை நீங்களே போட்டுக் கொடுங்க. அட்டை இருந்தா, காலாவதி தேதியைப் பாருங்க. மருத்துவக் குழுவுக்குப் போற அன்னைக்கு உங்க பைக்கையோ காரையோ கொடுங்க.

ஒரு ஷேரை விட ஒரு விண்ணப்பம் பெருசு, தோழர்களே.

#படிக்கட்டுக்கு_சதவீதம்_தெரியாது
#உடையார்பாளையம்