97 மின்னஞ்சல், கேட்பாரில்லை

அமெரிக்காவின் பங்குச் சந்தை காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு மணி அடித்ததுமே நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிட்டது. சந்தை திறப்பதற்குள் 97 மின்னஞ்சல்கள். எல்லாம் ஊழியர் குழு ஒன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் யாரும் பொருட்படுத்தவில்லை.

விஷயம் இதுதான். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய மென்பொருள் ஏழில்தான் ஏறியிருந்தது. எட்டாவதில், 2003லேயே ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய புரோகிராம் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்த 212 ஆர்டர்களுக்காக, 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகள். பதறிப்போன பொறியாளர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய மென்பொருளை நீக்க, நிலைமை இன்னும் மோசமானது. நஷ்டம் 46 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே நிறுவனம் கெட்கோ என்ற போட்டி நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

2013இல் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்த அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம், அந்த மின்னஞ்சல்களையும் விடவில்லை. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படவே இல்லை. ஊழியர்கள் பொதுவாக அவற்றைப் படிப்பதில்லை. படித்திருந்தால் சந்தை திறக்கும் முன்பே தவறைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டு என்றது.

கம்ப்யூட்டரில் குவியும் தகவல்களின் தரத்தைக் கண்காணிக்கும் எல்லோருக்கும் இது பாடம். பிழையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்று விதி வகுப்பது மீதி வேலை.

ஒரு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து லட்சம் வரிகளோடு வர வேண்டிய கணக்குக் கோப்பு, இன்று இரண்டு லட்சம் வரிகளோடு வருகிறது. ‘எல்லோருக்கும் அனுப்பு’ என்று விதி எழுதுவது சுலபம். ஆனால் ஆளுக்கு ஆள் ‘அவர் பார்த்திருப்பார்’ என்று இருந்துவிடுவார்கள். கோப்பைத் தயாரிக்கும் பிரிவில் அன்றைய பொறுப்பாளர் யாரோ, அவருடைய போன்தான் ஒலிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பதில் இல்லையா? அவருக்கு மேலே இருப்பவருக்குப் போக வேண்டும்.

அவசரம் எது, அவசரமில்லாதது எது என்பதும் விதியில் இருக்க வேண்டும். முகவரியில் பின்கோடு விட்டுப்போனதற்காக நள்ளிரவில் ஒருவரை எழுப்பினால், நாலாம் நாள் அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். அந்த ரகத்தைக் காலைப் பட்டியலில் சேர்த்தால் போதும். ஒரே கோளாறு நூறு தடவை கூவினாலும் ஒரே எச்சரிக்கையாகத் தொகுக்கப்பட வேண்டும். எந்த சர்வரில், எந்தக் கோப்பில், என்ன கோளாறு, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு நல்ல சர்வர்களில் கை வைக்கும் கதைதான்.

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் அயல்நாட்டு நிறுவனங்களின் தகவல்களுக்கு இரவெல்லாம் காவல் இருக்கும் இளைஞர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் விதிகள் எழுதப்பட்ட பிறகு மறக்கப்படுகின்றன. பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகியும் எச்சரிக்கை அவர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். மாதம் ஒரு முறை பொய்யாக ஒரு எச்சரிக்கை அனுப்பி, யாருடைய போன் ஒலிக்கிறது என்று பார்ப்பது நல்லது. எதுவுமே ஒலிக்கவில்லை என்றால், அது அன்றே தெரிந்துவிடும். நைட் கேப்பிடலுக்கு அது தெரியவந்தபோது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது.