பொதுப் பட்டறைகளில் மிக் வெல்டிங் பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
பட்டறைத் தொழிலாளர் சங்கத்தினர்,
பெண்ணாடம், திட்டக்குடி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பலர் கூட்டாகத் தொழில் செய்யும் பட்டறைகளில் மிக் வெல்டிங் இயந்திரத்தால் நேரும் அபாயங்களுக்குப் பரிகாரம் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு,

நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடைப்பட்ட ஊராகப் பெண்ணாடம் அமைந்திருப்பதால், உடைந்த லாரிப் பாடியும், கரும்பு ஏற்றி ஏற்றி விரிசல் கண்ட டிரெய்லர்ச் சட்டமும், அறுவடை இயந்திரத்தின் கழன்ற பாகங்களும் ஆண்டு முழுவதும் எங்கள் பட்டறை வாசல்களில் வந்து நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். மும்முனை மின் இணைப்பும் விலை உயர்ந்த இயந்திரமும் தனித்தனியே பெறச் சக்தியற்ற சிறு பட்டறைக்காரர்கள், ஒரு தகரக் கொட்டகையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒரு மிக் இயந்திரத்தைப் பங்கு போட்டு வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தும் வழக்கம் எங்களிடையே இருந்து வருகிறது. லேத்து ஓட்டுபவர், பெயிண்ட் அடிப்பவர், டயர் கழற்றுபவர் யாவரும் அதே கூரையின் கீழேதான். இவ்வழக்கத்தைத் தடை செய்யுமாறு வேண்ட நாங்கள் வரவில்லை. அதனாலேயே எங்கள் ஜீவனம் நடக்கிறது. ஆனால் ஒருவர் கையில் உள்ள வெல்டிங் துப்பாக்கியின் தீங்கு மற்றவர் கண்ணிலும் மார்பிலும் சென்று தைக்கும் நிலைமையைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவது எங்கள் கடமையாயிற்று.

முன்னாளில் ராடு வைத்துப் பற்றவைத்தபோது, ராடின் மேற்பூச்சே எரிந்து புகையையும் கசடையும் தந்து உருகிய இரும்பைக் காற்றினின்று காத்தது. ஆகையால் பக்கத்தில் ஒரு மின்விசிறி சுழன்றாலும் வேலை கெடவில்லை. மிக் இயந்திரத்திலோ, சுருளிலிருந்து மோட்டார் தள்ளிவிடும் கம்பியைச் சூழ்ந்து நின்று காப்பது சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதனோடு ஆர்கான் கலந்த வாயு. சற்றே பலமாகக் காற்று வீசினாலும் அவ்வாயு கலைந்து, பற்று ஓட்டை ஓட்டையாகிவிடும். எனவே வெல்டர் முதலில் செய்வது விசிறியை நிறுத்துவது. அடுத்துச் செய்வது கதவைச் சாத்துவது. வேலை சுத்தமாக அமைவதற்கென்றே காற்றை அடைக்க வேண்டியிருப்பதும், அடைத்த காற்றையே கொட்டகையிலுள்ள அனைவரும் சுவாசிக்க வேண்டியிருப்பதும் இத்தொழிலின் உள்முரண்பாடு. எத்துணை ஜாக்கிரதையுள்ள தொழிலாளியாலும் தனியொருவராக இதைத் தீர்க்க இயலாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017ஆம் ஆண்டிலேயே பற்றவைப்புப் புகையையும், பற்றவைக்கையில் எழும் ஒளியில் உள்ள புறஊதாக் கதிரையும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயத்திற்கிடமில்லாத முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் கேட் செய்த நாளின் இரவில் குளிரோடு காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் அது தானே தணிந்துவிடுவதால், வைத்தியரிடம் அதைப் பிரஸ்தாபிக்கும் வழக்கம் எங்களுள் எவருக்கும் இல்லை.

கண்ணின் துன்பம் இன்னும் வஞ்சகமானது. துப்பாக்கி பிடித்தவர் முகமூடி அணிந்திருக்கிறார். நாலைந்து அடி தள்ளி நட்டு முடுக்கிக்கொண்டிருக்கும் பையன் அணிந்திருப்பதில்லை. ஆர்க் அடித்த கணத்தில் வலி தெரிவதில்லை; பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், மணல் கொட்டியதுபோல் கண் உறுத்தி, நீர் வழிந்து, விளக்கைப் பார்க்க முடியாமல் போகிறது. தாய்ப்பாலும் உருளைக்கிழங்குத் துண்டும் வைத்து இரவைக் கழித்து, மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அப்பர் பெருமான் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்குமாறு வேண்டி, அவ்வண்ணமே பெற்ற திருத்தலம் எங்கள் ஊர். எங்கள் பிள்ளைகளின் கழுத்திலும் மணிக்கட்டிலும் பொறிந்துள்ள தழும்புகள் எவரும் வேண்டிப் பெற்றவை அல்ல.

இவற்றைச் சட்டம் கவனியாதா என்று வினவலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சக்தி கொண்டு 10 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ அவ்வரம்பை 20 பேராக உயர்த்திவிட்டது. நான்கு முதலாளிகளும் ஆளுக்கு இரண்டு உதவியாளரும் சேர்ந்து பன்னிருவர் புழங்கும் கொட்டகை, ஏட்டில் மூன்று மூன்று பேர் கொண்ட நான்கு கடைகளாக நிற்கிறது. எந்த ஆய்வாளரும் அதனுள் நுழைய ஹேது இல்லை. ஆள் குறைந்த இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்கும் அதிகாரத்தைப் பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளித்திருந்தது. அப்பிரிவின் நோக்கம் இத்தகைய கொட்டகைகளை எட்டியதாக எங்களுக்கு நினைவில்லை. வழக்குத் தொடுத்து எங்களைத் தண்டியுங்கள் என்பதன்று வேண்டுகோள். பன்னிருவரையும் ஒரே கூரையின் கீழ் உள்ளவர்களாக எண்ணி வழிகாட்டுங்கள் என்பதே.

ஆகவே, முதலாவதாகவும் முக்கியமாகவும், மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலாக, பொது வசதி மையத் திட்டங்களின் உதவியைக்கொண்டு, பெண்ணாடத்தில் ஒரு கூட்டுப் பணிக்கூடமேனும் முறையாக அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். அதில் வெல்டிங் மேடைகள் ஓரமாக ஒதுங்கி, ஒளி கசியாத தீப்பற்றாத திரைகளால் மறைக்கப்பட்டிருத்தல் அவசியம். கவசவாயுவைக் கலைக்காத அளவில், புகையைப் பிறக்கும் இடத்திலேயே பக்கவாட்டில் உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அதனினும் அவசியம். மேலே விசிறி மாட்டித் தருவது பிரயோஜனமற்றது என்பதை முன்னரே விளக்கினோம். ஆயினும் உதவி என்றவுடன் பலருக்கும் விசிறியே நினைவுக்கு வருவதால் மீண்டும் எழுத நேர்ந்தது.

சிலிண்டர்களுக்கு நிழலும் சங்கிலியும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வெப்பத்திற்கு மேல் திரவமாக நிற்பதில்லை. எங்கள் சித்திரை வெயிலில் தகரச் சுவரோரம் சாய்த்து வைத்த சிலிண்டரினுள் அழுத்தம் என்னவாகும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். அவ்வாயு காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானதாகையால், இரவில் ரெகுலேட்டர் கசிந்தால், வண்டியின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்க வெட்டிய குழியில் போய்த் தேங்கும்; காலையில் முதலில் குழியில் இறங்குபவர் அதை முகர்ந்து அறிய முடியாது. வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை அடைத்தல், குழியில் இறங்குமுன் காற்றோட்டம் செய்தல் ஆகிய இரண்டையும் நிபந்தனைகளாகப் பேரூராட்சியின் தொழில் உரிமத்தில் சேர்க்க வேண்டுகிறோம். எர்த் கவ்வியை வேலைப்பொருளிலேயே மாட்டாமல் கொட்டகைத் தூணில் மாட்டும் சோம்பலால், மின்னோட்டம் அடுத்தவர் லேத்தின் எர்த் ஒயர் வழியே திரும்பி அதைக் கருக்கிவிடுகிறது. பின்னர் அந்த இயந்திரத்தைத் தொடுபவருக்கு ஷாக் அடித்தால் யாரை நோவது? மின் ஆய்வாளர் ஒருமுறையேனும் இக்கொட்டகைகளைப் பார்வையிட்டு, எர்த்தைச் சோதித்துத் தரல் வேண்டும். டீசல் டேங்கையும் தார் டிரம்மையும் கழுவாமல் பற்றவைக்கக் கூடாது என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், படத்துடன் எழுதிய பலகை ஒவ்வொரு பட்டறையிலும் தொங்குவதற்கு உத்தரவிடவும் கோருகிறோம்.

ஆண்டுக்கொரு முறை கண்ணையும் மார்பையும் சோதிக்கும் முகாமை விருத்தாசலம் அரசு மருத்துவமனையின் துணையோடு பெண்ணாடத்திலேயே நடத்தித் தந்தால், ஒரு நாள் கூலியை இழந்து செல்ல அஞ்சுபவர்களும் வருவார்கள். கையுறை, தோல் ஏப்ரன், தகுந்த எண்ணுள்ள கருப்புக் கண்ணாடி ஆகியவற்றை நாங்களே வாங்கிக்கொள்வோம். அவற்றை இனாமாகக் கேட்கவில்லை. உறிஞ்சு குழாயும் திரையும் தனியொருவர் வாங்கித் தனியொருவர் பயன்பெறும் பொருள்கள் அல்லவாகையால், அவற்றுக்கு மட்டுமே அரசின் கரத்தை நாடுகிறோம்.

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்க, இரவு பகலாக வேலை நடக்கும். அச்சமயத்தில் கொட்டகையை நிறுத்தி ஆய்வு செய்ய எவராலும் ஆகாது. எனவே அப்பருவத்திற்கு முன்னரே தொழிலகப் பாதுகாப்பு, மாவட்டத் தொழில் மையம், மின் ஆய்வு, தீயணைப்பு ஆகிய துறைகளின் அதிகாரிகள் ஒருங்கே வந்து பார்வையிடும் நாளைக் குறித்து எங்களுக்கு அறிவிக்குமாறு வணக்கத்துடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பெண்ணாடம்.

நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலர், கடலூர், பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், கடலூர், செயல் அலுவலர், பெண்ணாடம் பேரூராட்சி.