ஓவியத்தில் இல்லாதவர்கள்

முதல் உலகப் போரை முடித்த வெர்சேல்ஸ் ஒப்பந்தம் 1919 ஜூன் 28-ல் கையெழுத்தானது. அந்தக் காட்சியை வரையும் வேலையை பிரிட்டிஷ் அரசு ஓவியர் வில்லியம் ஆர்பெனிடம் ஒப்படைத்தது. கண்ணாடி மண்டபத்தில் வில்சன், கிளெமென்சோ, லாயிட் ஜார்ஜ் அமர்ந்திருக்க, பின்வரிசையில் நிற்கிறார் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட பிகானீர் மகாராஜா கங்கா சிங். போரில் மடிந்த 74,000 இந்திய வீரர்கள்? ஓவியத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஆர்பெனுக்கே மனம் ஒப்பவில்லை. அடுத்த ஓவியத்தில், வரைந்திருந்த தலைவர்களை அழித்துவிட்டு, கொடி போர்த்திய சவப்பெட்டியை வரைந்தார். அருகே கந்தலாடையில் இரண்டு வீரர்கள். 1923-ல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அதை நிராகரித்தது. வீரர்களையும் அழித்த பிறகே 1928-ல் ஏற்றது. தலைப்பு: 'பிரான்சில் பெயர் தெரியாத பிரிட்டிஷ் வீரனுக்கு.' இந்திய வீரன் அதிலும் இல்லை.