வீட்டுக் கணக்கு: நூற்றுக்கு இரண்டு வட்டி

கூட்டு வட்டிக் கணக்குப் பயிலும் மாணவர் பலரிடம் ஒரு தடுமாற்றத்தைக் காணலாம். ஆண்டுக்கு 20 சதவீதம் வளரும் தொகைக்கு வளர்ச்சிக் காரணி யாது என்று வினவினால், 0.2 என்று விடையிறுப்பர். கூடுகின்ற பகுதி மட்டுமே 0.2. முன்பிருந்த முதல் எங்கே போயிற்று? முதலாகிய ஒன்றும் அதனோடு சேரும் 0.2-உம் கூடிய 1.2 என்பதே காரணி. ஆண்டுதோறும் கையிலுள்ள தொகையை அதனாற் பெருக்கிச் செல்லவேண்டும். தேய்கின்ற பொருளாயின் ஒன்றிலிருந்து கழிக்கவேண்டும். ஆண்டுக்கு 20 சதவீதம் மதிப்பிழக்கும் வண்டிக்குக் காரணி 0.8.

இது பிள்ளைகளின் பாடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த குடும்பங்களுக்கு, அவசரத்தில் கைகொடுக்கும் உற்றார் பெரும்பாலும் அருகில் இரார். மருத்துவச் செலவோ திருமணமோ நேரும்போது, “நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்தானே!” என்று கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டு விடுகிறோம். இரண்டு என்னும் எண்ணின் சிறுமை நம்மை மயக்கிவிடுகிறது.

பதினாயிரம் ரூபாய்க் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டியை மாதந்தவறாது செலுத்தினால் மூன்றாண்டில் 7,200 ரூபாய் வட்டியாகப் போகும். முதல் அப்படியே நிற்கும். செலுத்தத் தவறி, வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகுமாயின், மாதக் காரணி 1.02. பன்னிரண்டு மாதத்துக்கு அதனைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.24 வருமென்றுதான் மனம் கணிக்கும். வருவதோ ஏறத்தாழ 1.268. முப்பத்தாறு மாதத்தில் கடன் 20,399 ரூபாயாகிவிடும். வட்டி மூன்று ரூபாயாக இருந்தால் அதே காலத்தில் ஏறத்தாழ 29,000 ரூபாய். வட்டி வீதம் ஒன்றரை மடங்கே உயர்ந்தது; சேர்ந்த வட்டியோ ஒன்றரை மடங்குக்கும் வெகுவாக மிஞ்சிவிட்டது. காரணியில் நூற்றில் ஒரு பங்கு கூடியதன் விளைவு இது!

காரணி குறைந்தாலும் கூடும் அளவு பெருகக்கூடும் என்பதையும் அறிதல் வேண்டும். நம் நாட்டு மக்கட்டொகை 1951-இல் சுமார் 36.1 கோடி, 1961-இல் 43.9 கோடி. அப்பத்தாண்டின் காரணி ஏறத்தாழ 1.22. 2001-க்கும் 2011-க்கும் இடையே அது 1.18 ஆகக் குறைந்தது. ஆயினும் முன்னதில் கூடியவர் 7.8 கோடி, பின்னதில் 18 கோடிக்கும் மேல். பெருக்கப்படும் தொகையே பெரிதாகிவிட்டதல்லவா?

மனக்கணக்காகச் செய்ய ஓர் எளிய வழி உண்டு. சிறிய வீதங்களுக்கு, 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், தொகை இருமடங்காகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். மாதம் இரண்டு சதவீதமெனில் 36 மாதம்; மூன்றெனில் 24. அஞ்சலகக் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. 72-ஐ 7.5-ஆல் வகுக்க 9.6 ஆண்டு வரும். அரசு குறித்த காலம் 115 மாதம். நம் மனக்கணக்கும் அதுவே. சேமிப்பு இருமடங்காகும் அந்த 115 மாதத்தில், இரண்டு ரூபாய் வட்டிக் கடனைத் தீர்க்காமல் விட்டால் அது ஏறத்தாழ ஒன்பதே முக்கால் மடங்காகும்.