தோசை சரி, மாத்திரை எங்கே?



மார்கழிக் குளிர் தொடங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் மூட்டுவலிப் புலம்பலும் கூடிவிடும். "காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை, குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை. முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

வயதானால் வரும் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். முப்பது, நாற்பது வயதிலேயே வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் எழுந்து அரைமணி, ஒருமணி நேரமாகியும் விறைப்பு விடாது. இப்படிச் சில வாரங்கள் நீடித்தால் மூட்டுவாத நிபுணரிடம் போய்விடுங்கள். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்ற ரத்தப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இருக்கலாம். தாமதிக்க வேண்டாம்; கோணிப்போன விரலை மருந்து நிமிர்த்தாது. கோணாமல் காக்கத்தான் அதனால் முடியும்.

பெரும்பாலோருக்கு முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் போட்டுக்கொண்டால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் சொன்ன கிழமையைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அவர் சொன்னபடி போடுங்கள். இந்த மருந்துக்காக அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி குறைந்ததும் நீங்களாகவே நிறுத்திவிட்டால் வீக்கம் திரும்பி வரும்.

அப்படியானால் கைவைத்தியம் வேண்டாமா? தாராளமாகச் செய்யுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் விறைப்பு தளரும். முடக்கத்தான் தோசையும் மத்தி மீன் குழம்பும் நல்ல சாப்பாடுதான். மருந்துக்கு மாற்று அல்ல. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். நோயை முற்றவைப்பதில் புகைக்குப் பங்கு உண்டு. 'மூன்றே நாளில் குணம்' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடிகளிடம் மட்டும் எச்சரிக்கை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. சித்த மருந்து எடுப்பவர்கள் இரு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோயில் வலியோடு கடுமையான அசதியும் சேர்ந்துகொள்ளும். அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. "எப்போ பார்த்தாலும் படுக்கைதான்" என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது துணைக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்