ஆடுகளமும் அவைக்களமும்

நாம் தமிழாசிரியர், ஹொக்கி மட்டையைத் தொட்டும் அறியோம். ஆயினும் இம்மலருக்குக் கட்டுரை வேண்டப்பட்டபோது நம் நினைவில் முந்தி நின்றவர் ஹொக்கி வீரர் ஒருவரே. அவர் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், தக்ரா என்னும் முண்டாப் பழங்குடிச் சிற்றூரில் 1903இல் பிறந்தவர் அவர். ராஞ்சியிலே பாடசாலை நடத்திய பாதிரியார் ஒருவரின் ஆதரவால் ஒக்ஸ்போர்ட் சென்று கற்றார்; அங்கே சிறந்த ஆட்டக்காரரெனப் பெயரும் பெற்றார். இந்தியச் சிவில் சேவைப் பயிற்சியிலிருந்த வேளையில், 1928 ஆம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுப்புக் கிடைக்கவில்லை; எனினும் சென்றார். பின்னர் அச்சேவையையே துறந்தார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டுமென்னும் நம்மவர், இதனைப் பித்தென்றே கூறியிருப்பர்.

அவ்வணி ஒரு கோலும் வாங்காது தங்கப்பதக்கம் பெற்றது. ஆனால், இறுதியாட்டத்துக்கு முன்பே தலைவர் அணியை விட்டு நீங்கியிருந்தார். காரணம் பலவாறு கூறப்படுகின்றது.

ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆசிரியராய் இருந்தபின், 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையே அவர் வாழ்வின் சிகரம் என்போம். தம்மவரைக் காட்டார் என இகழ்ந்த சொல்லையே பெருமையாய் ஏற்று, சனநாயகத்தை எமக்குக் கற்பிக்க வேண்டா, எம்மிடம் கற்றுக்கொள்க என்னும் கருத்துப்பட முழங்கினார். காட்டுமக்கள் குரல் அந்த அவையில் அத்துணை நிமிர்ந்து ஒலித்தமைக்கு அவரே காரணர்.

தனி மாநிலங் கோரிய தமது ஜார்க்கண்ட் கட்சியை அவர் 1963இல் காங்கிரசுடன் இணைத்தார். இது பிழையென்பதே நம் துணிபு. நம்பி நின்ற தொண்டர் திகைத்தனர். அவர் 1970இல் மறைந்தார். மாநிலமோ 2000ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. ஆம்ஸ்ரடாமிற் போலவே இங்கும் இறுதியாட்டத்தில் அவர் இலர்.

இவற்றையெல்லாம் பாண்டிருப்பிலிருந்து நாம் ஏன் எழுதுகின்றோம்? நம் பழைய மாணவர் கொழும்பிலும் கடல் கடந்தும் உயர்பதவி வகிக்கின்றனர். பணம் அனுப்புகின்றனர், நன்றியுடையோம். நாம் கேட்பது வேறு. விடுமுறைக்கு ஊர் வரும்போது கிராமக் கூட்டத்திற்கும் ஒருநாள் வருக. கந்தோர் வாசலில் படிவத்தோடு தயங்கி நிற்கும் கமக்காரனுக்கும் கரைவலைக்காரனுக்கும் பக்கத்தில் நின்று பேசுக. வந்தவர்கள், கூட்டம் முடியுமுன் எழுந்து போகாதிருப்பாராக.