திருவாதிரை வெடிக்குமா?

திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறதா? 2019-ம் ஆண்டு கடைசியில் உலகெங்கும் இந்தக் கேள்வி எழுந்தது. அதன் ஒளி மளமளவென்று குறைந்ததே காரணம். 2020 பிப்ரவரியில், வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லை!

மார்கழி இரவில் கிழக்கு வானில் சிவப்பாகத் தெரிவதே திருவாதிரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். அவ்வளவு பெரிது!

வயது என்ன?

சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. திருவாதிரைக்குச் சுமார் 1 கோடிதான். ஆனாலும், திருவாதிரைதான் கிழம்! பெரிய அடுப்பு விறகைச் சீக்கிரம் தின்றுவிடும் அல்லவா?

இந்தக் கிழ நட்சத்திரம் விம்மி விம்மித் தணிகிறது. அதனால், சுமார் 400 நாளுக்கு ஒரு முறை ஒளி கூடிக் குறையும். இது வழக்கம்.

தூசித் திரை

2019-ல் நடந்தது வேறு. நட்சத்திரம் ஏராளமான வாயுவைக் கக்கியது. அது குளிர்ந்து தூசியாகி, ஒளியை மறைத்தது. ஹப்பிள் தொலைநோக்கியின் உதவியால் விஞ்ஞானிகள் கண்ட விளக்கம் இது. தூசி விலகியதும் ஒளி திரும்பியது.

பயம் வேண்டாம்

திருவாதிரை ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. அதற்கு 1 லட்சம் ஆண்டுகூட ஆகலாம். வெடித்தாலும் பூமிக்கு ஆபத்து இல்லை. அதன் ஒளி இங்கு வந்து சேரவே 500 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அத்தனை தூரம்!

2019-ல் மக்கள் பார்த்துப் பயந்தது, 500 ஆண்டுக்கு முன்பே நடந்து முடிந்த கதை!